கல்லூரி ஐஸ் ஹாக்கியிலிருந்து தொழில்முறை ஆட்டத்துக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் ஐஸ் ஹாக்கி ஆடும் ஒரு மாணவர், என்.எச்.எல். எனப்படும் தேசிய ஹாக்கி லீக்கையோ அதற்கு அடுத்த படிகளில் உள்ள தொழில்முறை லீக்குகளையோ எப்படி அடைகிறார் என்பதை இந்தப் பக்கம் விளக்குகிறது. பெரும்பாலும் ஆண்கள் ஆட்டத்தைப் பற்றியது. மகளிர் ஆட்டத்துக்குத் தனியே ஒரு கேள்வி உண்டு. விடியற்காலையில் பிள்ளையைப் பனித்தளத்துக்கு அழைத்துவந்து, கண்ணாடித் தடுப்புக்கு வெளியே குளிரில் காத்திருக்கும் பெற்றோரை மனத்தில் வைத்தே இவ்விடைகள் எழுதப்பட்டன. தொகைகள் யாவும் அமெரிக்க டாலரில்.

கல்லூரியில் ஆடியவர்களுக்கு என்.எச்.எல்.லில் உண்மையிலேயே இடம் கிடைக்கிறதா?

கிடைக்கிறது. இன்று அந்த லீக்கில் ஆடுபவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் அமெரிக்கக் கல்லூரி அணி ஒன்றிலிருந்து வந்தவர். எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1960களின் முற்பகுதியில் லீக்கில் ஆறே அணிகள் இருந்தன. வீரர்கள் பெரும்பாலும் கனடாவின் ஜூனியர் அணிகளிலிருந்தே எடுக்கப்பட்டார்கள். 1962இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பருவத்தை முடித்த கையோடு மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணியில் இறங்கிய ரெட் பெரன்சன் அக்காலத்துக்கு ஒரு விதிவிலக்கு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கோல்காப்பாளராக இருந்த கென் டிரைடன், 1971இல் வெறும் ஆறு லீக் ஆட்டங்களின் அனுபவத்தோடு மாண்ட்ரியலுக்காக என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பைச் சுற்றில் நின்று, கோப்பையையும் அச்சுற்றின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதையும் பெற்றார். புதுமுகத்துக்கான விருது அவருக்கு அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது என்பது இந்த ஆட்டத்தின் பழைய வேடிக்கைகளில் ஒன்று. 1980 பிப்ரவரி 22 அன்று லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் சோவியத் யூனியனை 4-3 என்று வென்ற அமெரிக்க அணி கல்லூரிகளில் ஆடிப் பழகிய இளைஞர்களால் ஆனது. அந்த 20 பேரில் 13 பேர் பின்னர் என்.எச்.எல்.லில் ஆடினார்கள். கல்லூரி ஆட்டத்தைச் சிறுபிள்ளை விளையாட்டாகக் கருதும் போக்கு அதன்பின் மெல்ல மறைந்தது.

ஆனால் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். என்.எச்.எல்.லில் 32 அணிகள்; ஓர் அணியின் பட்டியலில் 23 பேர்; ஆக மொத்தம் 736 இடங்கள். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் மட்டும் ஆண்கள் ஹாக்கி அணிகள் அறுபதுக்கு மேல் உள்ளன, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 26 பேர். அந்த 736 இடங்களுக்குக் கனடா, சுவீடன், ஃபின்லாந்து, ரஷ்யா, செக் நாடுகளின் இளைஞர்களும் போட்டியிடுகிறார்கள்.

கல்லூரியில் சேரும் முன் எங்கே ஆடியிருக்க வேண்டும்?

பள்ளிப் படிப்பை முடித்த உடனே, 18 வயதில் கல்லூரி அணிக்குள் நுழைபவர் ஐஸ் ஹாக்கியில் குறைவு. முதலாண்டு மாணவருக்கு 20 வயது, சில சமயம் 21 வயது ஆகியிருப்பது இங்கே இயல்பானது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடைப்பட்ட ஓரிரு ஆண்டுகளை அவர் ஜூனியர் லீக் ஒன்றில் கழித்திருப்பார். அமெரிக்காவில் யு.எஸ்.எச்.எல். அவற்றுள் முதன்மையானது, என்.ஏ.எச்.எல். அதற்கு அடுத்தது, கனடாவின் மேற்கே பி.சி.எச்.எல். உள்ளது. மிகச் சிறந்த அமெரிக்கச் சிறுவர்களுக்கு மிச்சிகன் மாநிலத்தின் பிளிமத் நகரில் தேசிய அணி வளர்ச்சித் திட்டம் ஒன்று தனியே இயங்குகிறது. ஆஸ்டன் மேத்யூஸ், ஜாக் ஐக்கெல், ஜாக் ஹியூஸ் ஆகியோர் அத்திட்டத்தில் பயிற்சி பெற்றவர்கள்.

ஜூனியர் ஆட்டக்காரர் பெரும்பாலும் சொந்த ஊரை விட்டு வேறொரு நகரில், அந்த அணியோடு தொடர்புடைய ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி ஆடுவார். பதினாறு பதினேழு வயதுப் பிள்ளையை முன்பின் அறியாத வீட்டில் விடுவது நம் குடும்பங்களுக்கு எளிதான முடிவாக இருக்காது. அந்தக் குடும்பத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

கனடாவின் மேஜர் ஜூனியர் லீக்குகளில் ஆடினால் கல்லூரிக் கதவு அடைபட்டுவிடும் என்கிறார்களே?

அது பழைய விதி. ஒன்டாரியோ, மேற்குக் கனடா, கியூபெக் ஆகிய மூன்று லீக்குகளும் சேர்ந்த சி.எச்.எல். அமைப்பில் ஆடியவர்களைத் தொழில்முறை வீரர்களாகவே என்.சி.ஏ.ஏ. பல பத்தாண்டுகளாகக் கருதிவந்தது. அங்கே என்.எச்.எல். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட சிலரும் ஆடுவதும், வீரர்களுக்குக் கைச்செலவுத் தொகை தரப்படுவதும் அதற்குக் காரணங்கள். இதனால் ஒரு கனடியச் சிறுவன் தன் 16ஆம் வயதில், அந்த வயதில் யாராலும் சரியாக எடுக்க முடியாத ஒரு முடிவை எடுக்கும்படி ஆயிற்று: மேஜர் ஜூனியரா, கல்லூரியா?

2024 நவம்பரில் என்.சி.ஏ.ஏ. இந்தத் தடையை நீக்க ஒப்புதல் அளித்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு ஜூலையிலேயே, மெடிசின் ஹாட் டைகர்ஸ் அணியின் நட்சத்திரமான கேவின் மெக்கென்னா பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேரப்போவதாக அறிவித்தார். இப்போது 17 வயதில் ஒன்டாரியோ லீக்கில் ஆடிவிட்டு 19 வயதில் பாஸ்டனுக்கோ மிச்சிகனுக்கோ போக முடியும். இதன் மறுபக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும்: கல்லூரி அணிகளின் இடங்களுக்குப் போட்டி கடுமையாகிவிட்டது. முன்பு 20 வயதில் இரண்டாம் நிலை ஜூனியர் லீக்கிலிருந்து எளிதாக இடம் பெற்றிருக்கக்கூடிய பையனின் இடத்தில், இன்று மேஜர் ஜூனியரில் மூன்று பருவங்கள் ஆடித் தேர்ந்த ஒருவர் வந்து நிற்கிறார்.

மேஜர் ஜூனியரில் ஒரு பருவம் ஆடினால் ஓராண்டுக் கல்விக் கட்டணம் என்ற கணக்கில் அந்த லீக்குகளும் உதவித்தொகை தருகின்றன. தொழில்முறை ஒப்பந்தமும் கால வரம்பும் அந்த உரிமையைப் பாதிக்கக்கூடும் என்பதால், கையெழுத்திடும் முன் அந்தப் பகுதியை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

பள்ளி மதிப்பெண்கள் முக்கியமா?

முக்கியம். முதல் பிரிவில் ஆட, என்.சி.ஏ.ஏ. ஏற்கும் 16 அடிப்படைப் பாடங்களை உயர்நிலைப் பள்ளியில் முடித்திருக்க வேண்டும். அவற்றில் குறைந்தது 2.3 தரப்புள்ளி (ஜி.பி.ஏ.) வேண்டும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், கார்னெல் போன்ற ஐவி லீக் நிறுவனங்கள் விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்தே உதவுகின்றன. பதினாறு வயதில் கோட்டைவிட்ட பாடத்தை இருபது வயதில் ஈடுசெய்வது கடினம்.

டிராஃப்ட் என்பது என்ன? அதற்கு விண்ணப்பிக்க வேண்டுமா?

என்.எச்.எல். அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களின் உரிமையைப் பங்கிட்டுக்கொள்ளும் நிகழ்வு அது. ஏழு சுற்றுகள், 224 பெயர்கள். செப்டம்பர் 15க்குள் 18 வயது நிறையும் எவரும் தாமாகவே அதற்குத் தகுதி பெற்றுவிடுவார், விண்ணப்பம் கிடையாது. வட அமெரிக்க வீரர் 20 வயது வரை மீண்டும் மீண்டும் தேர்வுக்கு உட்படுவார்.

கூடைப்பந்தையும் அமெரிக்கக் கால்பந்தையும் பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். அந்த ஆட்டங்களில் டிராஃப்டுக்குப் போவது கல்லூரியை விட்டுப் போவதற்குச் சமம். ஹாக்கியில் அப்படியில்லை. 18 வயதில் ஓர் அணி ஒருவரைத் தேர்ந்தெடுத்தாலும் அவர் கல்லூரியில் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆடலாம். கோடையில் அந்த அணி நடத்தும் வளர்ச்சி முகாமுக்குப் போய்வரலாம். பணம் வாங்காமலும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமலும் இருக்கும்வரை அவருடைய கல்லூரித் தகுதி குறையாது. தேர்வு என்பது வேலை அல்ல. இவரோடு ஒப்பந்தம் பேசும் உரிமை எங்களுக்கு மட்டுமே என்று ஓர் அணி போட்டுக்கொள்ளும் முத்திரை, அவ்வளவுதான்.

எத்தனையாவது சுற்றில் எடுக்கப்பட்டார் என்பது எவ்வளவு முக்கியம்?

முதல் சுற்று மிக முக்கியம்; அதற்குப் பின் வரும் எண்களுக்கு நாம் தரும் மதிப்பு அளவுக்கு மீறியது என்பது என் கருத்து. 18 வயதுப் பையனின் உடல் 22 வயதில் எப்படி இருக்கும் என்று எந்தத் தேர்வாளருக்கும் தெரியாது. ஜோ பவெல்ஸ்கி 2003இல் ஏழாம் சுற்றில், 205ஆவது பெயராக எடுக்கப்பட்டார். விஸ்கான்சினில் இரண்டு பருவங்கள் ஆடி 2006இல் கல்லூரிச் சாம்பியன் பட்டம் வென்று, என்.எச்.எல்.லில் 1,300 ஆட்டங்களுக்கு மேல் ஆடிவிட்டு ஓய்ந்தார். கோல்காப்பாளர் கானர் ஹெல்பக் 2012இல் ஐந்தாம் சுற்றில் 130ஆவது பெயர். மாசசூசெட்ஸ் லோவல் கல்லூரியில் இரண்டு பருவங்கள், பின்னர் ஒரு முழுப் பருவம் கீழ் லீக்கில்; 2020, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சிறந்த கோல்காப்பாளருக்கான வெசினா விருது அவருக்கே கிடைத்தது.

யாருமே தேர்ந்தெடுக்கவில்லை என்றால்?

கல்லூரி வழிக்கு உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. தேர்வுக்குரிய வயதைக் கடந்துவிட்ட வீரர் கட்டற்றவர்; 32 அணிகளில் எதனோடும் பேசலாம். மார்ச் மாதத்தில் கல்லூரிப் பருவம் முடியத் தொடங்கியதும் இப்படிப்பட்ட மாணவர்களைத் தேடி அணிகள் வரிசையில் நிற்பது ஆண்டுதோறும் காணும் காட்சி.

ரென்சலர் பாலிடெக்னிக்கில் படித்த ஆடம் ஓட்ஸ் எந்தச் சுற்றிலும் எடுக்கப்படாதவர். 1985இல் டெட்ராய்ட் அவரை ஒப்பந்தம் செய்தது. 2012இல் அவர் ஹாக்கி புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார். ஃபெரிஸ் ஸ்டேட்டில் ஆடிய கிறிஸ் குனிட்ஸும் அப்படியே வந்து நான்கு முறை ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார்.

மார்ட்டின் செயின்ட் லூயியின் கதை இவற்றைக் காட்டிலும் நீண்டது. உயரம் 173 சென்டிமீட்டர்தான் என்பதால் யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு பருவங்கள் ஆடி, கோல்களைக் குவித்துவிட்டு 1997இல் வெளியே வந்தபோதும் நேரடியாக என்.எச்.எல். இடம் கிடைக்கவில்லை, கிளீவ்லாந்தில் ஒரு கீழ் லீக் அணியில் தொடங்கினார். கால்கரி அணி அவரை எடுத்து, போதிய வாய்ப்புத் தராமல் 2000இல் விட்டுவிட்டது. தம்பா பே அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. 2004இல் அதிகப் புள்ளிகளுக்கான (கோல்களும் கோலுக்கு உதவியவையும் சேர்ந்த கணக்கு) ஆர்ட் ராஸ், மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட், ஸ்டான்லி கோப்பை மூன்றும் ஒரே பருவத்தில் அவரிடம் வந்தன. இறுதிச் சுற்றில் தோற்ற அணி கால்கரி.

இந்தப் பெயர்களைச் சொல்லும்போது ஒரு தயக்கமும் எனக்கு உண்டு. இவர்கள் விதிவிலக்குகள். கட்டற்ற வீரராக ஒப்பந்தம் பெறும் கல்லூரி ஆட்டக்காரர்களில் பலர் சில என்.எச்.எல். ஆட்டங்களோடும், சிலர் ஓர் ஆட்டம்கூட இல்லாமலும் கீழ் லீக்கிலேயே தங்கிவிடுகிறார்கள்.

ஆகஸ்ட் 15 என்று அடிக்கடி பேசப்படுகிறதே, அது என்ன?

தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர் கல்லூரியில் நான்கு ஆண்டுகளை முடிக்கும்வரை அவரைத் தேர்ந்தெடுத்த அணிக்கே உரிமை. பட்டம் பெற்ற ஆண்டின் ஆகஸ்ட் 15க்குள் ஒப்பந்தம் ஆகவில்லை என்றால் அந்த உரிமை காலாவதியாகி, வீரர் தாம் விரும்பும் அணிக்குப் போகலாம் என்பதே நீண்ட காலமாக இருந்துவந்த விதி. 2004இல் ஃபீனிக்ஸ் அணி ஐந்தாவது பெயராக எடுத்த பிளேக் வீலர், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 2008இல் பாஸ்டன் அணியில் சேர்ந்தார். ஹார்வர்டின் ஜிம்மி வெசியை நாஷ்வில் தேர்ந்தெடுத்திருந்தது. 2016இல் கல்லூரியின் சிறந்த வீரருக்கான ஹோபி பேக்கர் விருதை வென்ற அவர் நாஷ்விலில் கையெழுத்திட மறுத்தார். அவருடைய உரிமை பஃபலோவுக்குக் கைமாற்றப்பட்டது. அங்கும் கையெழுத்திடாமல் ஆகஸ்ட் வரை காத்திருந்து நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குப் போனார். 2017 ஆகஸ்டில் நடந்தது இன்னும் சுவையானது: கொலராடோவிடம் உரிமை இருந்த வில் புட்சர் நியூ ஜெர்சிக்குப் போனார், நியூ ஜெர்சியிடம் உரிமை இருந்த அலெக்ஸ் கெர்ஃபுட் கொலராடோவுக்குப் போனார். இரண்டு அணிகளும் கணக்கைச் சரிசெய்துகொண்டதைப் போல இருந்தது.

இப்படிச் செய்யும் வீரரை நன்றி மறந்தவர் என்று ரசிகர்கள் ஏசுவது உண்டு. எனக்கு அந்த ஏச்சு நியாயமாகப் படவில்லை. 18 வயதில் அவரைக் கேட்காமலேயே ஓர் அணி அவர்மீது உரிமை கொண்டாடியது. நான்கு ஆண்டுகள் காத்திருந்து அவர் ஒரே ஒருமுறை தம் விருப்பத்தைச் சொல்கிறார். அந்த அணியில் தம்முடைய இடத்தில் ஏற்கெனவே நான்கு பேர் இருந்தால், அவர் வேறு என்ன செய்வார்? என்.எச்.எல்.லும் வீரர் சங்கமும் செய்துகொண்ட புதிய கூட்டு ஒப்பந்தம் 2026 செப்டம்பரில் தொடங்குவதால், உரிமைக் காலத்தைப் பற்றிய விதியை அவ்வப்போதைய நிலையில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கல்லூரியை விட்டுப் போக எது சரியான நேரம்?

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், இதற்குத்தான் ஒற்றை விடை இல்லை.

மிக வேகமான உதாரணம் கேல் மக்கார். 2017இல் கொலராடோ அவரை நான்காவது பெயராக எடுத்தது. உடனே தொழில்முறைக்குப் போகாமல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு பருவங்கள் ஆடினார். 2019 ஏப்ரல் 12 அன்று ஹோபி பேக்கர் விருது. 13 அன்று கல்லூரி இறுதி ஆட்டத்தில் மினசோட்டா டுலூத்திடம் 3-0 என்று தோல்வி. 14 அன்று ஒப்பந்தம். 15 அன்று கொலராடோவுக்காக என்.எச்.எல். கோப்பைச் சுற்றில் முதல் ஆட்டம், முதல் கோல். எதிரணி கால்கரி, அவர் பிறந்து வளர்ந்த ஊரின் அணி. இதைக் கேட்பவர்கள் அந்த நான்கு நாள்களை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்; அதற்கு முன் அவர் கல்லூரியில் கழித்த இரண்டு ஆண்டுகளை மறந்துவிடுகிறார்கள். நான்காவது இடத்தில் எடுக்கப்பட்ட ஒருவரே அத்தனை காலம் காத்திருந்தார்.

2021இல் முதல் பெயராக எடுக்கப்பட்ட ஓவன் பவரும் பஃபலோவுக்கு உடனே போகவில்லை. மிச்சிகனுக்குத் திரும்பி மேலும் ஒரு பருவம் ஆடினார். மறுகோடியில் இருப்பவர் சாக் ஹைமன். டொராண்டோவில் வளர்ந்த அவர் மிச்சிகனில் முதல் இரண்டு பருவங்களிலும் பத்துப் புள்ளிகளைக்கூட எட்டவில்லை. நான்காம் ஆண்டில் 54 புள்ளிகள். அவரைத் தேர்ந்தெடுத்திருந்த ஃபுளோரிடாவில் கையெழுத்திடாததால் 2015இல் உரிமை டொராண்டோவுக்கு மாறியது. பின்னர் எட்மன்டனுக்காக 2023-24 பருவத்தில் அவர் அடித்த கோல்களும் 54. இரண்டாம் ஆண்டோடு அவர் கல்லூரியை விட்டிருந்தால் அவரை எந்த அணியும் கண்டுகொண்டிருக்காது.

முடிவெடுக்கும்போது நான் பார்க்கச் சொல்வது இவற்றைத்தான். கல்லூரி ஆட்டம் அவருக்கு எளிதாகிவிட்டதா, அதாவது எதிரணி அவரை மட்டுமே குறிவைத்தும் அவரைத் தடுக்க முடியாமல் போகிறதா? அடுத்த அக்டோபரில் அவர் எங்கே ஆடுவார் என்று அணி தெளிவாகச் சொல்கிறதா, அல்லது பார்க்கலாம் என்று மழுப்புகிறதா? உடல் தேறியிருக்கிறதா? கல்லூரியில் ஆட்டங்கள் பெரும்பாலும் வெள்ளியும் சனியும் மட்டுமே. திங்கள் முதல் வியாழன் வரை பயிற்சிக்கும் எடைப் பயிற்சிக் கூடத்துக்கும் நேரம் இருக்கும். வாரத்தில் மூன்று நான்கு ஆட்டங்கள் உள்ள தொழில்முறைப் பருவத்தில் தசையைக் காப்பாற்றலாம், புதிதாக வளர்ப்பது அரிது. கோல்காப்பாளர்களும் தற்காப்பு வீரர்களும் கூடுதலாக ஓராண்டு தங்குவது பெரும்பாலும் பலன் தருகிறது. ஹோபி பேக்கர் வென்ற முன்வரிசை ஆட்டக்காரருக்கு அந்த ஆண்டு வீணாகலாம்.

இன்னொரு கணக்கும் உள்ளே ஓடும். மார்ச் அல்லது ஏப்ரலில், நடப்புப் பருவத்திலிருந்தே தொடங்குமாறு கையெழுத்திட்டு என்.எச்.எல்.லில் இறங்கினால், மூன்றாண்டு ஒப்பந்தத்தின் முதலாண்டு அந்தச் சில வாரங்களிலேயே கழிந்துவிடும். பெரிய ஊதியம் பேசும் நாள் ஓராண்டு முன்னதாக வரும். மக்கார் 2019 ஏப்ரலில் கையெழுத்திட்டதால்தான் 2021 கோடையிலேயே ஆறு ஆண்டுகளுக்கு 5.4 கோடி டாலர் ஒப்பந்தம் பேச முடிந்தது. கேட்கும் நிலையில் இருக்கும் வீரருக்கு மட்டுமே அணிகள் இதை விட்டுக்கொடுக்கும்.

முதல் ஒப்பந்தத்தில் எவ்வளவு கிடைக்கும்?

புதுமுக ஒப்பந்தத்தின் கால அளவை வயது தீர்மானிக்கிறது: 18 முதல் 21 வயது வரை கையெழுத்திட்டால் மூன்று ஆண்டுகள், 22 அல்லது 23 என்றால் இரண்டு, 24 என்றால் ஒன்று. நான்காண்டும் கல்லூரியில் இருந்துவிட்டு வருபவருக்கு ஒப்பந்தம் சிறியதாக இருப்பது இதனால்தான். அது அவருக்கு நன்மையும்கூட.

2024, 2025 தேர்வுகளில் எடுக்கப்பட்டவர்களுக்கு ஆண்டு ஊதிய உச்சவரம்பு 9,75,000 டாலர், ஆட்டத்திறனுக்கான ஊக்கத்தொகை தனி. 2025-26 பருவத்தில் லீக்கின் குறைந்தபட்ச ஊதியம் 7,75,000. இந்த எண்கள் என்.எச்.எல். பட்டியலில் இருக்கும் நாள்களுக்கு மட்டுமே பொருந்தும். கீழ் லீக்குக்கு அனுப்பப்பட்டால் அதே ஒப்பந்தத்தில் கிடைப்பது அதிகபட்சம் 85,000, அதாவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. செய்தித்தாளில் வரும் பெரிய எண்ணைப் பார்த்து வீடு வாங்கத் திட்டமிட வேண்டாம்.

கீழ் லீக்குகளில் வாழ்க்கை எப்படி?

என்.எச்.எல்.லுக்கு அடுத்த படியில் உள்ள ஏ.எச்.எல். 1936இல் தொடங்கியது, அதன் 32 அணிகளும் ஒவ்வோர் என்.எச்.எல். அணியோடு இணைந்தவை, பருவத்துக்கு 72 ஆட்டங்கள். இன்றைய என்.எச்.எல். வீரர்களில் பெரும்பான்மையோர் அங்கே ஆடித் தேறியவர்களே. கல்லூரிப் பருவம் முடிந்தவர், அந்த வசந்த காலத்தில் சில ஆட்டங்களை ஊதிய ஒப்பந்தம் இல்லாமல், சோதனை ஒப்பந்தம் ஒன்றின் பேரில் ஆடிப் பார்ப்பதும் உண்டு. அதற்குக் கீழே இ.சி.எச்.எல்.; அங்கே ஊதியம் வாரக் கணக்கில், தங்குமிடம் அணியின் பொறுப்பு, பேருந்துப் பயணங்கள் நீளமானவை.

ஆட்டமும் மாறுகிறது. கல்லூரியில் முகம் முழுவதையும் மூடும் கவசம் கட்டாயம். தொழில்முறையில் கண்ணைக் காக்கும் அரைக் கண்ணாடி மட்டுமே, வாயும் தாடையும் திறந்திருக்கும். கல்லூரியில் கைகலப்பில் இறங்கினால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றமும் அடுத்த ஆட்டத்துக்குத் தடையும். தொழில்முறையில் ஐந்து நிமிடம் வெளியே உட்கார்ந்தால் போதும். 40 ஆட்டங்களுக்கும் குறையாமல் ஆடிய பருவம் என்று பெருமைப்பட்டுவந்தவர், பிப்ரவரியில் தம் கால்கள் கனப்பதை முதல்முறையாக உணர்வார்.

ஐரோப்பாவையும் மறந்துவிட வேண்டாம். சுவீடன், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து லீக்குகளில் நல்ல வாழ்க்கை அமைத்துக்கொண்ட முன்னாள் கல்லூரி வீரர்கள் பலர். பிரிட்டனின் எலைட் லீக் அணிகள் சில, ஆடிக்கொண்டே முதுகலை படிக்கும் வசதியையும் ஒப்பந்தத்தில் சேர்த்துத் தருகின்றன. இளங்கலைப் பட்டத்தோடு வருபவருக்கு இது மோசமான பேரம் அல்ல.

மாணவராக இருக்கும்போதே முகவர் வைத்துக்கொள்ளலாமா? பணம் ஈட்டலாமா?

தொழில்முறை ஒப்பந்தம் பேச முகவரை அமர்த்தினால் கல்லூரித் தகுதிக்கு ஆபத்து என்பதால், குடும்ப ஆலோசகர் என்ற பெயரில் ஒருவர் உடன் இருப்பது ஹாக்கியில் வழக்கம். அவர் ஆலோசனை சொல்லலாம். மாணவரின் சார்பில் அணியோடு பேரம் பேசக் கூடாது. கல்லூரியை விட்ட நாளில் அவரே முகவராகிவிடுவார்.

2021 ஜூலை முதல் மாணவர்கள் தம் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தி விளம்பர வருமானம் பெறலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டால் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழி பிறந்தது. அதில் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. கனடாவிலிருந்து மாணவர் விசாவில் செல்பவர் இங்கே மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: அந்த விசா அமெரிக்க மண்ணில் வேலை செய்து சம்பாதிப்பதைக் கட்டுப்படுத்துகிறது. கல்லூரியின் விதி இணக்க அலுவலகத்தையும் குடியேற்றச் சட்ட வழக்கறிஞரையும் கேட்காமல் எந்த விளம்பரத்துக்கும் தலையாட்டக் கூடாது.

பெண்களுக்கு என்ன வழி?

பெண்களுக்குக் கல்லூரிதான் நெடுஞ்சாலை. 2001 முதல் என்.சி.ஏ.ஏ. மகளிர் சாம்பியன் போட்டி நடக்கிறது. ஆனால் பட்டம் பெற்றபின் ஒழுங்காகச் சம்பளம் தரும் லீக் நீண்ட காலம் நிலைக்கவில்லை. 2024 ஜனவரியில் பி.டபிள்யூ.எச்.எல். எனப்படும் மகளிர் தொழில்முறை லீக் ஆறு அணிகளோடு தொடங்கியபின் நிலைமை மாறியது. அதன் முதல் தேர்வில், 2023 செப்டம்பரில், முதல் பெயராக எடுக்கப்பட்டவர் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டெய்லர் ஹைஸ். அடுத்த ஆண்டு பிரின்ஸ்டனின் சாரா ஃபிலியர். 2025-26 பருவத்தில் வான்கூவரும் சியாட்டிலும் சேர்ந்து எட்டு அணிகள் ஆயின. ஊதியம் ஆண்கள் லீக்கோடு ஒப்பிடும் அளவில் இல்லை. எனவே பட்டம் இங்கே இன்னும் கூடுதலாகப் பயன்படும்.

பட்டம் முடியும் முன் போனால் படிப்பு என்னவாகும்?

இடையில் நின்ற படிப்பைக் கோடைக்காலங்களில், இணையவழிப் பாடங்கள் மூலம் முடிப்பவர்கள் உண்டு. கென் டிரைடன் கோப்பைகளை வென்றுகொண்டிருந்தபோதே மக்கில் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். 1973-74 பருவம் முழுவதும் ஆடாமல் வழக்கறிஞர் பயிற்சிக்குப் போனார். எல்லாராலும் அது முடியாது. புறப்படும் முன் எத்தனை பாடங்கள் மிச்சம், அவற்றை எங்கிருந்து படிக்கலாம், உதவித்தொகை அப்போதும் செல்லுமா என்பதைக் கல்லூரியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபின் அணியில் இடம் கிடைக்காவிட்டால் மீண்டும் கல்லூரிக்காக ஆட முடியுமா?

முடியாது. என்.எச்.எல். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் வகுப்புக்குத் திரும்பலாம். அந்தக் கல்லூரியின் சட்டையை அணிந்து பனித்தளத்தில் இறங்க முடியாது.